தொழிலைச் சொன்னால் கிடைக்கும் உதவித்தொகை



இன்றைய பேச்சு பணத்தைப் பற்றியது. பெரிய பணம் அல்ல. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 3500 ரூபாய். மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து கொடுக்கின்றன. ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கிடைக்கும். மூன்றாம் வகுப்பு முதல் விடுதியில் தங்கிப் படித்தால் 8000 ரூபாய். இவை 2022-ஆம் ஆண்டு விதிகளில் உள்ள தொகைகள்.

எந்தப் பிள்ளைக்கு இது கிடைக்கும்? இதற்குச் சாதி பார்ப்பதில்லை. மதம் பார்ப்பதில்லை. வருமான வரம்பும் இல்லை. தாயோ தகப்பனோ என்ன வேலை செய்கிறார் என்று மட்டும் பார்க்கிறார்கள். குப்பை பொறுக்குகிறவர், தோல் பதனிடுகிறவர், செத்த மாட்டின் தோலை உரிக்கிறவர், மலம் அள்ளும் வேலையில் இருப்பவர், பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக் குழியில் இறங்குகிறவர். இவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் இந்தப் பணம்.

இந்த வேலைகள் தாராவிக்குப் புதிதா? திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முன்பு வந்த தமிழர்களில் பலர் இங்கே தோல் பதனிட்டுத்தான் பிழைத்தார்கள். 1971-இல் மாடு வெட்டும் கூடம் பாந்த்ராவிலிருந்து தேவனாருக்குப் போனது. இங்கே பதனிடும் தொழிலும் சுருங்கியது. இன்று பை, பெல்ட் தைக்கிற பட்டறைகளே அதிகம். தைக்கிறவருக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. ஆனால் குப்பை பொறுக்குகிற பெண்கள் தாராவியிலும் இருக்கிறார்கள். செம்பூருக்கு அப்பால் தேவனார் குப்பை மேட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் பொறுக்குகிற பிளாஸ்டிக்கை வைத்துத்தானே 13-ஆம் காம்பவுண்டு ஓடுகிறது!

இந்தத் திட்டம் 1977-78-இல் தொடங்கியது. முதலில் விடுதிப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகிற பிள்ளைகளை 1991-இல் சேர்த்தார்கள். அப்போது திட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? 'அசுத்தமான தொழில்' செய்வோரின் பிள்ளைகளுக்கான உதவித்தொகை! ஊரைச் சுத்தம் செய்கிறவரின் தொழிலுக்கு அசுத்தம் என்று பெயர். 

அந்தப் பெயரால் வரும் கூச்சம் இன்னும் போகவில்லை. பள்ளிப் பாரத்தில் 'தகப்பன் தொழில்' என்று ஓர் இடம் இருக்கும். அங்கே 'கூலி' என்று எழுதச் சொல்வார்கள். உள்ளதை எழுதினால் மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் 'கூலி' என்ற ஒரு சொல்லால் ஆண்டுக்கு 3500 ரூபாய் போய்விடுகிறது. பாரம் தலைமை ஆசிரியரிடம்தான் போகிறது. "வகுப்பில் பெயரை உரக்கப் படிக்காதீர்கள், சார்" என்று அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். அப்படிக் கேட்பதில் தவறே இல்லை.

இன்னொரு பயமும் உண்டு. மனிதர் மலம் அள்ளுவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். அப்படியானால் அந்த வேலை செய்கிறேன் என்று சொன்னால் பிடித்துப் போவார்களோ? மாட்டார்கள். தண்டனை அந்த வேலையை வாங்குகிறவருக்கு. செய்கிறவருக்கு அல்ல.

உண்மையான சிக்கல் சான்றிதழில் இருக்கிறது. இன்ன தொழில் செய்கிறார் என்று யார் எழுதிக் கொடுப்பது? குப்பை பொறுக்குகிற பெண்ணுக்கு முதலாளி இல்லை. சம்பளச் சீட்டு இல்லை. சாக்குப் பைதான் இருக்கிறது. விதி எழுதியவர்கள் இதை இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யார் கொடுக்கும் சான்று செல்லும் என்று முதலில் தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டும். அவருக்குத் தெரியாவிட்டால் சமாஜ் கல்யாண் ஆபீசில் எழுதிக் கேட்க வேண்டும். தனியாகப் போவதைவிட நாலைந்து தாய்மார் சேர்ந்து போவது நல்லது. மனுவுக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டு, அதில் முத்திரை வாங்கி வர வேண்டும்.

"மாநகராட்சிப் பள்ளியில் பை, புத்தகம், மழைக்கோட்டு எல்லாம் கொடுக்கிறார்களே, பிறகு எதற்கு இது?" என்று சிலர் கேட்கலாம். அது மாநகராட்சியின் பணம். இது வேறு. அதை வாங்கினாலும் இதை வாங்கலாம். ஆனால் மத்திய அரசின் வேறு உதவித்தொகை வாங்குகிற பிள்ளைக்கு இது சேராது.

3500 ரூபாய் நாள் கணக்கில் பத்து ரூபாய்கூட வராது. அம்மாவோடு பொறுக்கப் போகிற பிள்ளை ஒரே நாளில் அதற்கு மேல் கொண்டுவரும். எனவே இந்தப் பணம் மட்டும் ஒரு பிள்ளையைப் பள்ளியில் நிறுத்திவிடாது. செருப்புக்கு ஆகும், பஸ்ஸுக்கு ஆகும், காய்ச்சல் வந்தால் மருந்துக்கு ஆகும்.

பணம் வங்கிக் கணக்கில்தான் வரும். கணக்கோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். இங்கே நம்மவர்களுக்குப் பெயர்தான் தொல்லை. ஊரில் 'மு. செல்வம்' என்று இருக்கும். ஆதாரில் 'செல்வம் முருகன்' என்று இருக்கும். பள்ளியில் 'செல்வன்' என்று எழுதியிருப்பார்கள். ஓர் எழுத்து மாறினாலும் பணம் நின்றுபோகலாம். ஆதார், பாஸ்புக், பள்ளிப் பதிவு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

மாநில அரசின் பங்கு 100-க்கு 40. மத்திய அரசின் பங்கு 60. 3500 ரூபாயில் மாநிலம் தருவது 1400, மத்திய அரசு தருவது 2100. மாநிலம் தன் பங்கைக் கொடுத்த பிறகுதான் மத்திய அரசு கொடுக்கும். ஆகவே பாஸ்புக்கில் 1400 மட்டும் இருந்தால் பணம் முழுதும் வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மீதி 2100 எங்கே என்று பள்ளியில் கேளுங்கள்.