அடிபட்டு வந்த பிள்ளையிடம் முதலில் என்ன கேட்பது?



சுங்கை பஞ்சாங் வட்டாரத்தில் இன்று செம்பனைதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் உங்களில் மூத்தவர்கள் பால்மரம் வெட்டியவர்கள். கத்தி அளவாகப் பட்டால் பட்டை மீண்டும் வளரும். ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். பிள்ளைகளும் அப்படித்தான். அடியும் தோல்வியும் எல்லாருக்கும் வரும். அதிலிருந்து எழும் ஆற்றலே மீள்திறன். காயம் ஆழமாகாமல் பார்ப்பது பெரியவர்களின் பொறுப்பு.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதமானவை என அறிவித்தது. அடையாளம் காணப்பட்ட உறுப்பினர்களில் 10 பேருக்கு 7 பேர் இந்தியர்கள் என்றது. நாட்டு மக்களில் நாம் 10இல் ஒருவர்கூட இல்லை.

இவர்கள் பிறவி முரடர்கள் அல்லர். தோட்டங்கள் கைமாறியபோது பல குடும்பங்கள் வீடு, வேலை, கோயில், திடல் எல்லாவற்றையும் ஒருசேர இழந்தன. பள்ளியைப் பாதியில் விட்ட பையனுக்கு மாலையில் போக இடமில்லை. “யாரு அடிச்சாலும் நாங்க இருக்கோம்” என்று ஒருவன் சொன்னால், அவன் பின்னால் போகிறான். அந்தச் சொல்லை நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்.

பிள்ளை அடிபட்டு வந்தால், “நீ என்ன செஞ்சே?” என்று தொடங்காதீர்கள். “எங்கே வலிக்குது?” என்று கேளுங்கள். காயத்தைக் கிளினிக்கில் காட்டுங்கள். போலீசில் புகார் செய்யுங்கள். அன்றிரவு அவனோடு இருங்கள். பழிவாங்கும் எண்ணம் கொதிக்கும் நேரம் அது.

பள்ளிக்கு மட்டம், கணக்கில்லாத பணம், திடீர் மௌனம் ஆகியவற்றைக் கவனியுங்கள். பெல்ட்டை எடுக்காதீர்கள். வீட்டில் அடி வாங்குபவன், அடிதான் எதற்கும் பதில் என்று கற்றுக்கொள்கிறான்.

படிப்பு நின்றுவிட்டதா? வாழ்க்கை நின்றுவிடவில்லை. 2011இல் தொடங்கிய மைஸ்கில்ஸ் அறவாரியம், உலு சிலாங்கூரின் களும்பாங்கில் இத்தகைய இளைஞர்களுக்குத் தொழில் கற்பிக்கிறது. விசாரித்துப் பாருங்கள்.

தம்பிகளே, கோபம் தலைக்கேறினால் அந்த இடத்தைவிட்டு நகருங்கள். அது கோழைத்தனம் அல்ல. நம்பும் ஒருவரிடம் பேசுங்கள். அப்படி யாருமில்லை என்றால் தாலியான் காசே 15999, மனநல உதவிக்கு ஹீல் 15555. உயிருக்கு ஆபத்தென்றால் உடனே 999.

இந்த எண்களை இன்றே வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.