உடைந்தவரா, உடைக்கப்பட்டவரா?



நம் பெயருக்குள் ஒரு வினைச்சொல் இருக்கிறது. ‘தல்’ என்னும் சமஸ்கிருத வேருக்குப் பிளத்தல், உடைதல் என்று பொருள். உடைத்த பருப்பை வடக்கே ‘தால்’ என்பதும் அந்த வேரிலிருந்துதான். மராத்தி வழியாக நமக்கு வந்தது ‘தலித்’. 1948இல் அண்ணல் அம்பேத்கர் நம் முன்னோரைச் சிதறடிக்கப்பட்ட மனிதர்கள் என்றார். 1972இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் இப்பெயரைப் போர்க்குரலாக்கினர்.

தமிழில் ‘பானை உடைந்தது’ என்றால் உடைத்தவர் தப்பிவிடுவார். ‘உடைத்தார்கள்’ என்றால்தான் யார் என்ற கேள்வி எழும்.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அவை இன்று எங்கே? அந்நிலத்துக்கான போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ‘இறந்தார்கள்’ என்று நாம் எழுதக் கூடாது.

நிலம் ‘கைமாறியது’ என்பார்கள். கைமாற்றியவர் யார்? ஊர்தோறும் ‘அ’ பதிவேட்டைக் கேட்டு வாங்குவோம். வினைக்கு உரிய எழுவாயைத் தேடுவோம்.

ஜெய்பீம்.