மாளிகைமேடு சொன்ன பாடம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் ஆவூர்க்காரன். படித்தது சிவில். சரித்திரத்துக்கும் எனக்கும் ரொம்ப தூரம். "ஏதாவது பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொன்னதும், சில வருஷமாக மனசை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

ஒரு கட்டட வேலைக்காக மேடான நிலம் ஒன்றைச் சமன் செய்துகொண்டிருந்தோம். ஜேசிபி வாளியில் பெரிய பெரிய பழைய செங்கல்லாக வந்தது. கூடவே பானை ஓடுகள். "சார், என்ன செய்ய?" என்று டிரைவர் கேட்டார். கான்கிரீட் போடத் தேதி குறித்தாகிவிட்டது. "பள்ளத்தில் தள்ளிவிடுங்க" என்றேன். அது என்ன சுவர், யார் வீடு என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகுதான் கங்கைகொண்ட சோழபுரம் போனேன். கோயிலை எல்லோரும் பார்க்கிறோம். அங்கிருந்து தென்மேற்கே, இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் மாளிகைமேட்டுக்குப் போகிறவர் குறைவு. 11-ஆம் நூற்றாண்டில் முதலாம் இராஜேந்திர சோழன் எழுப்பிய அரண்மனை இருந்த இடம் அது. மாநிலத் தொல்லியல் துறை 1980 முதல் பல கட்டமாக அங்கே அகழாய்வு செய்தது. 2021-இல் மறுபடியும் தொடங்கியது.

பார்த்ததும் எனக்கு ஏமாற்றம்தான். தரையோடு தரையாகச் செங்கல் சுவர், இடையிடையே கருங்கல். 'இதுவா அரண்மனை?' என்று நினைத்தேன். பிறகு நம்ம தொழில் கண்ணால் பார்த்தேன். அந்தக் கருங்கல் தூண்களைத் தாங்கிய பீடம். கூரைக்குச் சின்னச் சின்னத் தட்டோடுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கடுக்காகப் பதித்திருக்கிறார்கள். மரத்தை இணைத்த இரும்பு ஆணிகள் கிடைத்திருக்கின்றன. சுற்றியிருந்த கோட்டை மதில் ஆறு முதல் எட்டு அடி அகலம். இருபுறமும் சுட்ட செங்கல் சுவர், நடுவில் மணல்!

சுற்றியிருந்த குடியிருப்பு ஊர்ப்பெயர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. உட்கோட்டை, மெய்க்காவல்புத்தூர், ஆயுதக்களம், சுண்ணாம்புக்குழி. கோட்டை, காவல் படை, ஆயுதம், கட்டட வேலை எல்லாமே அதில் இருக்கிறது.

சுமார் 250 வருஷம் தலைநகராக இருந்த ஊரின் கல்லும் செங்கல்லும் எங்கே போயிற்று? கோயிலைச் சுற்றியிருந்த மதிலுக்கு நேர்ந்ததுபற்றிக் குறிப்பு இருக்கிறது. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, அந்தக் கற்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். செய்தவர்கள் நம்மைப் போன்ற இன்ஜினியர்கள்தான்.

கோபப்படுவது சுலபம். ஆனால் கீழணைத் தண்ணீர்தான் வடவாறு வழியாக வீராணத்துக்குப் போகிறது. வயல் விளைகிறது, சென்னைக்குக் குடிநீரும் கிடைக்கிறது. அணையே வேண்டாம் என்று யார் சொல்வோம்? ஆனால் ஒன்று. கல் வேறு இடத்திலும் கிடைத்திருக்கும். அந்த மதில் வேறெங்கும் கிடைக்காது. அவர்கள் கணக்கிலாவது ஓர் அணை மிஞ்சியது. என் கணக்கில் மிஞ்சியது ஒருநாள் வேலை.

நம் மாவட்டத்திலும் மண்ணுக்குள் நிறைய இருக்கிறது. பொற்பனைக்கோட்டையில் 2021-இலும் 2023-இலும் அகழாய்வு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். யாரும் தோண்டிப் பார்க்காத திடல்கள் இன்னும் எத்தனையோ! அங்கெல்லாம் முதலில் போய் நிற்கப்போவது ஆராய்ச்சியாளர் அல்ல; சைட் இன்ஜினியராகிய நீங்கள்தான்.

ஆகவே தம்பி தங்கைகளே, அஸ்திவாரத்தில் பழைய செங்கல்லோ பானை ஓடோ தென்பட்டால் மெஷினை நிறுத்தச் சொல்லுங்கள். எதையும் பெயர்க்காமல் போட்டோ எடுங்கள், அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தகவல் கொடுங்கள். மேலதிகாரி திட்டத்தான் செய்வார். திட்டு நாலு நாளில் மறந்துபோகும். நான் தள்ளிய செங்கல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.