பின்னிருக்கைக்கு ஒரு குரல்



காரில் பின்னால் உட்காருகிறவர்களின் குறை, முன்னால் உட்காருகிறவர்களுக்கு எளிதில் தெரிவதில்லை. வண்டியை ஓட்டுகிறவர் முன்னால் இருக்கிறார். வானொலிப் பெட்டியின் திருகும் அவர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பின்னாலிருந்து யாராவது ஏதாவது சொன்னால், "என்ன?" என்று ஒரு முறை கேட்டுவிட்டு, பதில் வருமுன்பே சாலையில் கவனத்தைச் செலுத்திவிடுகிறோம். அவ்வாறு பல ஆண்டுகள் நான் கவனியாதிருந்த ஒரு குறையைப் பற்றியும், அதை நீக்கிய விதத்தைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய ஸ்டேஷன் வாகன் இருக்கிறது. டாட்டா நிறுவனம் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எஸ்டேட்' என்னும் வகையைச் சேர்ந்தது. கூரை பின்கதவு வரையில் நீண்டிருக்கும். பின்னிருக்கைக்கும் சாமான் வைக்கும் இடத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. மனிதர்களும் மூட்டை முடிச்சுகளும் ஒரே அறையில் பயணம் செய்யலாம். டீசல் எஞ்சின் முன்னால் இரைய, சக்கரங்களின் உறுமலை அந்த நீண்ட அறை வாங்கிப் பெருக்கித் தரும்.

எண்பது வயதைத் தாண்டிய என் தாயார் காலை நீட்டிக்கொள்ள வசதி என்று பின்னிருக்கையிலேதான் உட்காருவார். சங்கீதத்தில் மிகுந்த பற்றுடையவர். வழியில் வானொலியில் கச்சேரி வந்தால், "கொஞ்சம் பெரிதாக வையப்பா" என்பார். நானும் திருகைத் திருப்புவேன். முன்னால் இருப்பவர்களுக்குக் காது அடைத்துப் போகும். பின்னால் இருக்கும் அவருக்கோ பாட்டின் சொல் ஒன்றும் விளங்காது. ஒரு நாள் அந்த ஆரவாரத்தில், பின்னால் வந்த லாரியின் ஹார்ன் என் காதில் விழவேயில்லை. அது எங்களை உரசுவது போலக் கடந்து சென்றது. அன்று முதல் நான் ஒலியைக் குறைத்துவிட்டேன். அம்மாவும் "பெரிதாக வை" என்று சொல்வதை நிறுத்திவிட்டார். அவருக்குப் போதுமான அளவில் கேட்கிறதென்று நானே முடிவு செய்துகொண்டேன். சில மாதங்கள் கழித்துத்தான், அவர் கச்சேரி கேட்கும் ஆசையையே விட்டுவிட்டார் என்பது தெரிந்தது.

முன்னால் அத்தனை உரக்க ஒலிப்பது பின்னால் ஏன் விளங்குவதில்லை? தாழ்ந்த சுருதியுள்ள ஒலி தடைகளைச் சுற்றிக்கொண்டு செல்லும் இயல்புடையது. உயர்ந்த சுருதியுள்ள ஒலியோ பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. முன்னிருக்கைகளின் பஞ்சும் துணியும் அதை விழுங்கிவிடுகின்றன. சொற்களைத் தெளிவாக்கும் 'ச', 'த' போன்ற மெய்யொலிகளில் இந்த உயர்ந்த அதிர்வுகளே மிகுதி. முதுமையில் காது முதலில் இழப்பதும் இவற்றைத்தான். ஆகவே என் தாயாருக்கு வேண்டியிருந்தது பெரிய ஒலி அன்று. அருகிலிருந்து தடையில்லாமல் வரும் ஒலி. பின்னால் இரண்டு ஒலிபெருக்கிகள் அமைப்பதென்று தீர்மானித்தேன்.

சாதாரணக் காரில் இது எளிய வேலை. பின்கண்ணாடியின் கீழுள்ள பலகையில் இரண்டு துளைகள் வெட்டிப் பொருத்திவிடலாம். கீழேயுள்ள டிக்கியே பெட்டியாக உதவும். ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே தள்ளும்போது முன்பக்கத்துக் காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்பக்கத்துக் காற்று தளர்கிறது. இரண்டையும் ஒரு பலகை பிரித்து வைக்காவிட்டால் ஒன்றை ஒன்று நிரப்பிக்கொள்ளும். தாழ்ந்த ஒலிகள் அழிந்துபோகும். ஸ்டேஷன் வாகனில் அத்தகைய பலகையும் இல்லை, டிக்கியும் இல்லை. பின்கதவில் பொருத்தலாமென்றால், கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் கம்பி மடங்கி நாளடைவில் அறுந்துவிடும். எனவே சாமான் வைக்கும் இடத்தின் இரு பக்கச் சுவர்களைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்தச் சுவர்களை மூடியிருந்த அட்டையைக் கழற்றி உள்ளே பார்த்த பிறகே அளவெடுத்தேன். இதில் அவசரம் கூடாது. பல வண்டிகளில் எரிபொருள் ஊற்றும் குழாய் ஒரு பக்கத்துச் சுவருக்குள்ளேதான் செல்கிறது. பழைய வண்டியில் துருவும் மறைந்திருக்கும். அட்டையிலேயே ஒலிபெருக்கியைத் திருகினால் அது அதிர்ந்து கிடுகிடுக்கும். ஆகவே 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையில் வட்டம் வெட்டி, அதை இரும்புச் சட்டத்தில் இறுக்கினேன். ஒலி இருக்கையின் முதுகில் மோதாமல் மேலெழும்படி ஒலிபெருக்கியைச் சற்றுச் சாய்த்து, பெட்டிகள் இடிக்காதபடி கம்பிவலையும் போட்டேன்.

கம்பி இழுக்கத் தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைத்தேன். கம்பியைக் கதவோரத்துத் தகட்டின் அடியில் கொண்டுசென்று, இரும்பின் துளைகளில் ரப்பர் வளையம் இட்டேன். பழைய கார்கள் சிலவற்றில் ஒலிபெருக்கியின் ஒரு கம்பியை வண்டியின் உடலிலேயே இணைத்திருப்பார்கள். இக்கால வானொலிப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் அவ்வாறு செய்தால் பெட்டி பழுதாகிவிடும். ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் பெட்டியிலிருந்து இரண்டு கம்பிகள் தனியே வரவேண்டும்.

எல்லாம் முடிந்தது. அம்மாவைப் பின்னிருக்கையில் அமர்த்திக் கச்சேரியை வைத்தேன். நான் பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். அவர் சிறிது நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சொல்லெல்லாம் தெளிவாக இருக்கிறது. மிருதங்கத்திலே வலந்தலை மட்டும் கேட்கிறது, தொப்பி எங்கே?" என்றார்.

எனக்குச் சற்றே கோபம்தான் வந்தது. ஆனால் நானும் பின்னிருக்கைக்குச் சென்று உட்கார்ந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. தொப்பியின் கும்காரம் இருந்த இடம் தெரியவில்லை. பிழை என்னுடையது. ஒரு பக்கத்து ஒலிபெருக்கிக்கு நேர்முனைக் கம்பியையும் எதிர்முனைக் கம்பியையும் மாற்றி இணைத்திருந்தேன். ஒரு கூம்பு காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுத்தது. நொடிக்கு 100 அதிர்வுகளுள்ள ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர், காரின் அகலமோ அதில் பாதிதான். அவ்வளவு நெருக்கத்தில் எதிரெதிராக இயங்கும் இரண்டு கூம்புகள் தாழ்ந்த ஒலியை ஒன்றுக்கொன்று அழித்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. கம்பிகளைப் பெட்டியிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் டார்ச் பாட்டரி ஒன்றின் முனைகளை ஒரு கணம் தொடவிட்டால் போதும். நேர்முனை நேர்முனையோடு சேர்ந்திருந்தால் கூம்பு வெளியே வரும். மாறியிருந்தால் உள்ளே போகும். ஒரு பக்கத்துக் கூம்பு உள்ளே போயிற்று. கம்பியை மாற்றிக் கட்டினேன். தொப்பி கும்மென்று வந்து சேர்ந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தொடையில் தாளம் போடத் தொடங்கினார்.

இப்போது முன்னால் ஒலியைக் குறைத்தும் பின்னால் சற்றே மிகுத்தும் வைத்திருக்கிறேன். சாலையின் ஹார்ன் எனக்குக் கேட்கிறது. கச்சேரி அவருக்குக் கேட்கிறது. இத்தகைய வேலையைச் செய்ய விரும்பும் நேயர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். அளவெடுக்குமுன் வண்டியின் பின்னிருக்கையில் ஒரு நாள் நீங்களே பயணம் செய்து பாருங்கள். வேலை முடிந்ததும் மறுபடியும் அங்கே உட்கார்ந்து கேளுங்கள். முன்னிருக்கையிலிருந்து பார்த்தபோது, என் வேலை குறைவற்றதாகவே எனக்குத் தோன்றியது.