மாட்டின் கழுத்தும் ஜீப்பின் முதுகும்

மாத்தளை மாவட்டத்தில் வாழ்பவர்களுக்குப் பாரம் ஏற்றிய வண்டி புதிய காட்சியன்று. 1867ஆம் ஆண்டில் கண்டிக்கும், 1880ஆம் ஆண்டில் மாத்தளைக்கும் புகையிரதம் வந்து சேர்வதற்கு முன்னர், இம்மலைகளில் விளைந்த காப்பியை மாட்டு வண்டிகள் சுமந்து சென்றன. இன்று தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை நாடிச் செல்லும் மரக்கறி லொறிகளும், உழவு இயந்திரங்கள் இழுக்கும் பெட்டிகளும் எங்கள் வீதிகளில் ஓடுகின்றன. இடையிடையே, பெரிய ஜீப் வண்டியின் பின்னே பூட்டிய இழுவைப் பெட்டியையும் காண்கிறோம். பஜெரோ, பிராடோ, லாண்ட் குரூசர் என்று பெயர் எதுவாயினும், ஜீப் என்பதே நம் மக்கள் அவற்றுக்கு வழங்கும் பெயர். பெட்டியைப் பூட்டியவுடன் அந்த ஜீப்பின் பின்புறம் தாழ்கிறது, முன்புறம் நிமிர்கிறது. இத்தாழ்வு ஏன் உண்டாகிறது, அதனை எவ்வாறு குறைக்கலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கலைப் பட்டதாரியாகிய ஒரு பாடசாலை அதிபருக்கு இந்த விடயத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அனுபவமே எனக்கு ஆசிரியராக வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலைக்கு மேசை நாற்காலிகளும், நூலகத்துக்கென நான்கைந்து பெட்டிப் புத்தகங்களும் நன்கொடையாகக் கிடைத்தன. பழைய மாணவர் ஒருவர் தம் ஜீப்பையும், இரவலாகப் பெற்ற இழுவைப் பெட்டி ஒன்றையும் கொண்டுவந்தார். கனத்த புத்தகப் பெட்டிகளை முதலில் ஏற்றி, இழுவைப் பெட்டியின் முன்மூலையில் நெருக்கி அடுக்கினோம். மேசை நாற்காலிகள் அவற்றின் பின்னே ஏறின. எஞ்சிய சில பெட்டிகளை ஜீப்பின் பின்பகுதியிலேயே திணித்தோம். ஜீப் பின்புறம் குந்தியது. பெரிய வண்டிதானே, தாங்கும் என்று புறப்பட்டோம்.

ரத்தோட்டைப் பக்கத்து மலைப்பாதையில் மாலைப்பொழுது கவிந்தது; பனிமூட்டமும் இறங்கியது. எங்கள் முன்விளக்குகள் வீதியைக் காட்டாமல் பனியையே வெளுப்பாக்கின. எதிரே வந்த பேருந்தின் சாரதி கண் கூசியவராய் மீண்டும் மீண்டும் விளக்கை மினுக்கி எச்சரித்தார். நாங்களோ தாழ்ந்த ஒளியையே போட்டிருந்தோம்! அடுத்த வளைவில் நிகழ்ந்தது அதனினும் கொடிது. ஓட்டியவர் சுக்கானைத் திருப்பினார். வண்டி உடனே கேட்கவில்லை. வீதியின் ஓரக்கல்லை உரசுமளவுக்குப் போய்த்தான் திரும்பியது. அதற்கு அப்பால் பள்ளம். இருவரும் பேச்சிழந்தோம்.

சிறிது தூரத்தில் தேநீர்க் கடை ஒன்றின் முன் நிறுத்தினோம். அங்கிருந்த முதியவர் ஒருவர், இளமையில் மாட்டு வண்டி ஓட்டியவராம், எங்கள் ஜீப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மாஸ்டர் ஐயா, பாரமெல்லாம் மாட்டுக் கழுத்திலே கிடக்கிறதே! மாடாக இருந்தால் இந்நேரம் படுத்திருக்கும்” என்றார்.

நேயர்களே, உமணர் தம் வண்டியின் கீழே சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தியைப் புறநானூற்றிலிருந்து எத்தனையோ ஆண்டுகள் மாணவர்க்கு விளக்கியவன் நான். ஆயினும், பாரம் எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் கேள்வியே என்பதை அந்த முதியவரிடமே கற்றேன்.

மாட்டு வண்டியில் அச்சுக்கு முன்னே பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். அச்சுக்குப் பின்னே மிகுந்தால் நுகம் மேலெழுந்து, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். இழுவைப் பெட்டியும் இவ்வாறே. அதன் முன்பாரம் ஜீப்பின் கொக்கியை அழுத்துகிறது. அக்கொக்கியோ பின்சில்லுகளுக்கும் அப்பால் நீண்டு நிற்கிறது. எனவே ஜீப் முழுவதும் ஒரு நெம்புகோல் ஆகிவிடுகிறது. பின்னச்சே அதன் தாங்குபுள்ளி.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். ஜீப்பின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 2.8 மீற்றர், பின்னச்சிலிருந்து கொக்கி 1.4 மீற்றர் பின்னே உள்ளது எனக் கொள்வோம். கொக்கியில் 200 கிலோகிராம் அழுத்தினால், முன்சில்லுகளிலிருந்து 100 கிலோகிராம் குறையும். பின்சில்லுகளில் 300 கிலோகிராம் ஏறும். வண்டியைத் திருப்புபவை முன்சில்லுகள். நிறுத்தும் வேலையின் பெரும்பங்கும் அவற்றினுடையதே. அவை தரையை இலேசாகத் தொட்டால் சுக்கானும் தடுப்பும் தம் ஆற்றலில் ஒரு பகுதியை இழக்கின்றன. பின்டயர்களோ மிகுந்த பாரத்தால் சூடேறுகின்றன. ஆதலின், பின்புறத் தாழ்வு அழகுக் குறை மட்டுமன்று. அது ஓர் எச்சரிக்கை.

இதற்குச் செய்யவேண்டியது யாது? முதலாவது, பாரத்தை இடம் மாற்றுதல். கனத்த பொருள்களை இழுவைப் பெட்டியின் அச்சுக்கு மேலே, தாழ்வாக அடுக்க வேண்டும். கொக்கியில் விழும் பாரம், பெட்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையில் பத்தில் ஒரு பங்களவு இருப்பது பலரும் கொள்ளும் பொது விதி. எனினும் வண்டியின் கைந்நூல் கூறும் எல்லையே இறுதியானது. மரக்கறி நிறுக்கும் மேடைத் தராசின்மேல் பெட்டியின் முன்காலை ஊன்றி இதனை அளந்துவிடலாம். சில்லுகளுக்குக் கல் அடை கொடுப்பதை மறக்கலாகாது. இங்கே ஒரு பெரும் எச்சரிக்கை: ஜீப் நிமிரட்டும் என்று பாரத்தை அச்சுக்குப் பின்னே தள்ளிவிடாதீர்கள். முன்பாரம் குறைந்த பெட்டி வேகத்தில் வால் வீசத் தொடங்கும். ஜீப்பையும் தன்னோடு இழுத்து வீதியை விட்டு எறிந்துவிடும்.

இரண்டாவது, ஜீப்பின் பின்பகுதியில் உள்ள சுமையை இறக்குதல் அல்லது முன்னே நகர்த்துதல். மூன்றாவது, டயர்க் காற்றைக் கைந்நூல் கூறும் அளவில் வைத்தல். நான்காவது, அளந்து பார்த்தல். சமதரையில், பெட்டியைப் பூட்டுமுன்னும் பூட்டியபின்னும், முன்சில்லு, பின்சில்லு ஆகியவற்றுக்கு மேலுள்ள விளிம்பின் உயரத்தை நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்புறம் எவ்வளவு தாழ்ந்தது, முன்புறம் எவ்வளவு உயர்ந்தது என்பதை அந்த நான்கு எண்களே சொல்லிவிடும்.

இவ்வளவும் செய்த பின்னரே இயந்திரத் துணையை நாடவேண்டும். வெறும் வண்டியே தாழ்ந்து நின்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அதனை மாற்றுவதே முறை. வலிய ஸ்பிரிங் பூட்டுவோரும், ஸ்பிரிங்கிற்குத் துணையாகக் காற்றுப்பை வைப்போரும் உண்டு. அவை பின்புறத்தை உயர்த்தும். விளக்கின் நோக்கையும் பெரும்பாலும் சீராக்கும். ஆனால் முன்சில்லுகள் இழந்த எடையை அவை திருப்பித் தருவதில்லை. வண்டி சுமக்கத்தக்க எல்லையையும் உயர்த்துவதில்லை. நோய் மறைய, வேர் எஞ்சிய நிலை அது. இழந்த எடையில் ஒரு பகுதியை முன்சில்லுகளுக்கு மீட்பது, பாரத்தைப் பங்கிடும் கொக்கி எனப்படும் அமைப்பு. வில்போல் வளையும் இரு இரும்புத் தண்டுகளை இறுக்கி, அழுத்தத்தை ஜீப்பின் முன்னச்சுக்கும் பெட்டியின் அச்சுக்கும் பகிர்கிறது அது. எல்லா வண்டிகளுக்கும் அதற்கு அனுமதியில்லை. ஆகவே கைந்நூலைப் பார்த்தே பூட்டுதல் வேண்டும்.

அன்று மாலை எங்களிடம் இக்கருவி எதுவும் இல்லை. தேநீர்க் கடையின் விளக்கொளியில் புத்தகப் பெட்டிகளை இறக்கி, இழுவைப் பெட்டியின் அச்சுக்கு மேலே அடுக்கினோம். ஜீப்பினுள் இருந்தவற்றைக் கடைக்காரரிடம் ஒப்படைத்து, மறுநாள் எடுத்துச் சென்றோம். முதியவர் சற்றுத் தள்ளி நின்று பார்த்து, தலையசைத்தார். அதற்கப்பாலுள்ள வளைவுகளில் வண்டி சொன்னபடி கேட்டது.

பூட்டப்பட்ட மாடு தலையைத் தாழ்த்தித் தன் வருத்தத்தை உணர்த்தும். ஜீப்போ பின்புறத்தைத் தாழ்த்தி உணர்த்துகிறது. புறப்படுமுன் ஒருமுறை பத்தடி விலகி நின்று வண்டியைப் பாருங்கள். அது தாழ்ந்து நின்றால், பாரத்தைச் சீராக்கிய பின் புறப்படுங்கள்.