பால் மறக்கும் பன்றிக்குட்டி

மார்கழி, தை மாதக் கண்டிக் குளிரில், தாயை விட்டுப் பிரித்த பன்றிக்குட்டியை நினைத்துப் பாருங்கள்.

இயற்கையில் தாய்ப்பன்றி மூன்று, நான்கு மாதம் வரை மெல்ல மெல்லத்தான் பால் மறக்க வைக்கும். பண்ணையிலோ நான்கு வாரத்தில், ஒரே நாளில் பிரித்துவிடுகிறோம். பிறந்த சில நாளிலேயே தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்து, அதிலேயே குடித்து வந்த குட்டி அது. திடீரென்று உலர்ந்த தீவனத்தை வைத்தால் முகர்ந்துவிட்டு விலகிவிடும். பட்டினி கிடக்கக் கிடக்க, சத்தை உறிஞ்சும் குடலின் நுண்விரல்கள் குட்டையாகிவிடும். பிறகு தின்றாலும் செரிக்காது. ஈ.கோலை கிருமி பெருகிக் கழிச்சல் கண்டால், கொழுகொழுவென்றிருந்த குட்டியும் நீர் வற்றிச் சாகும். பாவம், அதற்குப் போராடத் தெம்பிருக்காது.

பத்து நாள் வயதிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனம் காட்டிப் பழக்குங்கள். பிரிக்கும் நாளில் தாயை வெளியே கொண்டுபோங்கள். குட்டிகள் பழகிய கொட்டிலிலேயே இருக்கட்டும். வேறு ஈற்றுக் குட்டிகளோடு கலந்தால் கடித்துக்கொள்ளும். ஈரமில்லாத வைக்கோலும், 28 பாகை அளவுக்குச் சூடு தரும் மின்குமிழும் வேண்டும். நோஞ்சான் குட்டியை இன்னும் ஒரு வாரம் தாயோடு விடுவதே நல்லது என்பேன்.

கழிச்சல் கண்டால் கைமருந்தோடு காத்திருக்காமல், அன்றைக்கே உங்கள் பகுதி மிருக வைத்தியரிடம் சொல்லுங்கள். நோயை ஆராய்ந்து சொல்ல கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் கண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.