மேற்பூச்சுக் களிம்பும் நம் பொறுப்பும்

(கிருமாம்பாக்கத்தில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

தமிழ் கற்பித்தலே தொழிலாகவுடைய யாம் இன்று களிம்பைப் பற்றிப் பேசப் புகுந்தது பலர்க்கு வியப்பாயிருக்கலாம். யாம் மருத்துவர் அல்லேம். ஆயினும், எம் இல்லத்தில் எம் கையாலேயே நேர்ந்த பிழையொன்று எம்மை இம்மேடையில் நிறுத்தியிருக்கின்றது.

எம் மூத்த மகளைப் பெண் பார்க்க வருவர் என்ற பேச்சு எழுந்த காலத்தில், முகம் சற்று வெளுத்தால் நலமென்று உறவினர் ஒருவர் உரைத்தனர். மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பை வாங்கித் தந்தவர் யாமே. பத்து நாளில் முகம் பொலிந்தது, யாவரும் மகிழ்ந்தோம். மூன்றாம் திங்களில் கன்னத்திற் செந்நரம்புகள் தோன்றின, பருக்கள் எழுந்தன, பூசுதலை நிறுத்தினாலோ முகம் தீப்பட்டாற்போல் எரிந்தது. சரும மருத்துவரிடம் சென்றோம். "இதனை எழுதிக் கொடுத்தவர் யார்?" என்று மட்டும் அவர் வினவினர். யாம் விடை கூறாது தலை கவிழ்ந்து நின்றோம்.

அக்களிம்பிலிருந்த மருந்து ஸ்டீராய்டு எனப்படும். நம் சிறுநீரகங்களின்மேல் அமைந்த சுரப்பிகள் இயல்பாகச் சுரக்கும் பொருளின் இனத்தைச் சார்ந்தது அது. அப்பொருள்களை ஆராய்ந்த கெண்டால், ரைக்ஸ்டைன், ஹென்ச் என்னும் மூவர் 1950ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். 1952இல் சல்ஸ்பெர்கர், விட்டன் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், அவ்வின மருந்தைத் தோலின்மேற் பூசிக் கண்ட பயனை வெளியிட்டனர். அன்றுதொட்டுக் கரப்பான், காளாஞ்சகப்படை முதலிய நோய்களால் உறக்கமிழந்தார் பலர் இதனால் ஆறுதல் பெற்று வருகின்றனர்.

சிவப்பையும் வீக்கத்தையும் நமைச்சலையும் அடக்குதலே இதன் தொழில். கிருமியைக் கொல்லுதல் அன்று. படர்தாமரை பூஞ்சையால் வருவது. அதன்மேல் இதனைத் தடவினால் நமைச்சல் தணியும். குணமாயிற்றென்று நோயாளி எண்ணுவர். பூஞ்சையோ தடுப்பாரின்றிப் பரவும். படையின் வட்ட வடிவும் மாறி, மருத்துவரும் இன்ன நோயென்று எளிதில் துணியமாட்டாத நிலை வரும். கரும்புக் கொல்லையிலும் நெல் வயலிலும் வியர்வை சிந்தி உழைக்கும் நம்மவர்க்கு இடுப்பிலும் தொடையிடுக்கிலும் இந்நோய் வருதல் இயல்பாதலின், இதனை நன்கு நினைவில் வைத்தல் வேண்டும். நாடெங்கும் இக்கேடு பெருகுதல் கண்டு சரும மருத்துவர் சங்கத்தார் குரல் எழுப்பினர். 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை, மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத எச் அட்டவணையிற் சேர்த்தது. சட்டம் உண்டு, கேட்டு வாங்கும் நம் வழக்கம் ஒழிந்தபாடில்லை.

இனி மறுபக்கமும் உண்டு. எம் தங்கையின் கைக்குழந்தைக்குக் கரப்பான் கண்டது. மருத்துவர் மென்மையான ஸ்டீராய்டுக் களிம்பை ஏழு நாள் பூசப் பணித்தனர். எம் மகளின் முகத்தைக் கண்டு அஞ்சிய தங்கை அதனைத் தொடவேயில்லை. குழந்தை சொறிந்து சொறிந்து புண்ணாகிச் சீழ் கட்டிற்று. மிகையால் ஒரு வீடும் அச்சத்தால் ஒரு வீடும் துன்புற்றன. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்திற் பெரும்பகுதி அளவைப் பற்றிய பேச்சே என்பதை யாம் பல்லாண்டு கற்பித்தும், அன்றுதான் உணர்ந்தோம்.

ஆதலின், மருத்துவரிடம் கேட்டறிந்தவற்றைக் கூறுகின்றோம். பெரியவர் சுட்டுவிரலின் நுனி முதல் முதற் கணுக்கோடு வரை பிதுக்கிய களிம்பு ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களுடன் கூடிய இரண்டு உள்ளங்கைப் பரப்பிற்குப் போதும். நோயுள்ள இடத்தில் மட்டும், மருத்துவர் குறித்த வேளையிலும் நாளளவிலும் பூசுக. ஹைட்ரோகார்டிசோன் மென்மையது, குளோபெட்டசால் மிக வலியது, பின்னதை இரு வாரங்களுக்கு மேல் தொடர்ந்து பூசலாகாது என்பது பொது விதி. முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய மெல்லிய தோலிலும் குழந்தைகள் உடலிலும் மருந்து மிகுதியாய் உட்புகும். கண்ணருகே நெடுநாள் பூசினாற் கண்ணுக்கும் கேடு. ஒருவர்க்கு எழுதிய களிம்பை மற்றவர் பூசற்க. நெடுநாட் பூசியவர் தாமே திடீரென நிறுத்தாது, மருத்துவர் சொற்படி விடுக. நம் ஊரிலேயே ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரியும், கோரிமேட்டில் ஜிப்மரும் இருக்க, மருந்துக் கடைக்காரரை மருத்துவராக்குதல் வேண்டா.

முடிவாக ஒரு விண்ணப்பம். நம் இதழின் மணமகள் தேவைப் பகுதியில் "சிவந்த நிறம்" என்னும் சொற்கள் இன்னும் அச்சாகி வருகின்றன. எம்மைக் கடைக்கு அனுப்பியவை அச்சொற்களே. அவற்றை இனி அச்சிடுவதில்லையென இக்கூட்டம் தீர்மானித்தல் வேண்டும். எம் மகளின் முகம் மெல்லத் தேறி வருகின்றது. முழுதும் பழைய நிலை எய்துமென்று மருத்துவரும் உறுதி கூறினாரல்லர். பிறர் வீட்டுப் பெண்மக்கட்கு இது நேராதிருக்கவே இவ்வளவும் கூறினோம்.